இதய சத்திரசிகிச்சையில் பிரஷரை மெஷினே கட்டுப்படுத்துமா?

கொழும்பில் அப்பாவுக்குப் பைபாஸ் சத்திரசிகிச்சை, பிரஷரைக் கணினியிடமே விட்டுவிடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். வழக்கமாக இல்லை. மயக்கமருந்து வைத்தியர்தான் மருந்தை ஏற்றும் சிரிஞ்ச் பம்பின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பார்.

தானியங்கி முறை புதிதல்ல. 1970களிலேயே அமெரிக்காவின் அலபாமாவில், சத்திரசிகிச்சை முடிந்தவர்களுக்குக் கணினி, பிரஷரைக் குறைக்கும் நைட்ரோபுருசைட் மருந்தை ஏற்றியது. மணிக்கட்டு நாடியில் போட்ட கனியூலா என்ற மெல்லிய குழாயிலிருந்து சராசரி இரத்த அமுக்கம் வரும்; இலக்கோடு ஒப்பிட்டு கணினி பம்பை மாற்றும்.

சிக்கல் தாமதத்தில். மருந்து குழாயைக் கடந்து வேலைசெய்யச் சற்று நேரமெடுக்கும். அதற்குள் கணினி அவசரப்பட்டு இன்னும் ஏற்றினால் பிரஷர் சடாரென்று விழும், பிறகு ஊசலாடும். அதனால் வேகத்துக்கு உச்சவரம்பு வைக்கிறார்கள்.

அதைவிட மோசம் பொய் அளவீடு. பிரஷரை அளக்கும் உணரியான டிரான்ஸ்டியூசர் கம்பத்தில் இருக்க, கட்டிலை மட்டும் 10 செ.மீ. உயர்த்தினால் பிரஷர் ஏறக்குறைய 7 மி.மீ. பாதரசம் கூடுதலாகக் காட்டும். கணினி வீணாக மருந்தைக் கூட்டும். இரத்தம் எடுக்கக் குழாயை மூடினாலும், திரவம் செலுத்திக் குழாயை ஃபிளஷ் செய்தாலும் இதே கூத்துத்தான்.

இதயத்தின், நுரையீரலின் வேலையைச் செய்யும் இதய-நுரையீரல் இயந்திரம் ஓடும்போது நாடித்துடிப்பே இருக்காது. அந்த இயந்திரத்தின் பம்ப் இரத்தத்தைச் செலுத்தும் ஓட்டத்தைக் குறைத்தாலே பிரஷர் இறங்கும். அது கணினிக்குத் தெரியாவிட்டால் தேவையில்லாமல், பிரஷரைக் கூட்டும் நோரட்ரினலின் மருந்தை ஏற்றிவிடும்.