கோடு ஆடுகிறது, சத்தம் இல்லை

ஆரையம்பதியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "வீட்டு டெஸ்க்டொப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ற் 22 போட்டிருக்கிறேன். அப்பா கூத்துப் பழக்கும் அண்ணாவியாராக இருந்த காலத்தில் கசெற்றில் பிடித்த வடமோடிக் கூத்துகளை எம்பி3 ஆக மாற்றி இதில்தான் வைத்திருக்கிறேன். போன மாதம் புது மொனிட்டர் வாங்கி எச்டிஎம்ஐ வயரில் கொழுவினேன். அன்றிலிருந்து பின்பக்கம் குத்தியிருக்கும் ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. பாட்டு ஓடுகிறது, சத்தக் கோடும் ஆடுகிறது. முன்பக்கம் ஹெட்போன் குத்தினால் ஒருநேரம் வருகிறது, ஒருநேரம் இல்லை. வந்தாலும் விருத்தத்தின் முதல் சொல்லை விழுங்கிவிடுகிறது. கடைத் தம்பி விண்டோஸ் போடச் சொல்கிறார். போடட்டுமா?"

போட வேண்டாம் ஐயா. உங்களுக்கு இருப்பது ஒரு கோளாறு அல்ல, மூன்று. அதில் ஒன்று விண்டோஸ் போட்டாலும் போகாது.

சத்தக் கோடு ஆடுகிறது என்று எழுதினீர்களே, அது பெறுமதியான தகவல். வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்று, நீர்ப் பங்கீடு பார்க்கும் வட்டவிதானையிடம் போய்ச் சொன்னால், அவர் எடுத்த எடுப்பில் குளத்தைப் பார்க்கப் போகமாட்டார். வாய்க்காலில் ஓடுகிறதா என்று பார்ப்பார். ஓடினால், யாரோ வேறு பக்கம் திருப்பிவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். உங்கள் கணினியிலும் அதேதான். கோடு ஆடுவதால் பாட்டுக் கோப்பு நல்லது, பிளேயர் நல்லது. சத்தம் புறப்பட்டுவிட்டது; போய்ச் சேர்ந்த இடம்தான் பிழை.

எச்டிஎம்ஐ வயர் படத்தை மட்டும் கொண்டுபோவதில்லை, சத்தத்தையும் கொண்டுபோகும். அதனால் நீங்கள் அதைக் கொழுவியதும் லினக்ஸ் உங்கள் மொனிட்டரையும் ஒரு ஸ்பீக்கராகவே கணக்கெடுத்துக்கொள்கிறது. மொனிட்டருக்குள் ஸ்பீக்கர் இல்லாவிட்டாலும் அது சத்தத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கும். பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

கீழ்ப்பட்டியில் உள்ள ஸ்பீக்கர் படத்தின் மேல் வலது கிளிக் செய்யுங்கள். அவுட்புட் டிவைஸ் என்று வரும். அதில் எச்டிஎம்ஐ என்று இருப்பதை விட்டுவிட்டு, அனலொக் அல்லது லைன் அவுட் என்று இருப்பதைத் தெரிவு செய்யுங்கள். சத்தம் வந்துவிட்டால் சரி, பாதி வேலை முடிந்தது. வரவில்லையா, அல்லது அப்படி ஒரு பெயரே அங்கே இல்லையா? அப்புறம் சொஃப்ட்வெயார் மனேஜரில் பவுகன்ட்ரோல் (pavucontrol) என்று தேடி நிறுவுங்கள். லினக்ஸில் சத்தம் பார்ப்பவர்களுக்கு என்னைக் கேட்டால் இதைவிட உதவியான கருவி கிடையாது. அதில் பிளேபேக் என்ற பக்கத்தில் இப்போது பாடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனியாகத் தெரியும். எது எந்த வாசலுக்குப் போகிறது என்றும் பக்கத்திலேயே காட்டும். பொது செற்றிங்கை மாற்றிய பிறகும் உங்கள் பிளேயர் மட்டும் பிடிவாதமாக எச்டிஎம்ஐக்கே போய்க்கொண்டிருக்கலாம். இங்கே திருப்பிவிடலாம். கடைசியாக உள்ள கொன்பிகரேசன் பக்கத்தில் புரொஃபைல் என்று இருக்கும். சில கணினிகளில் எச்டிஎம்ஐயும் பின்பக்கம் ஸ்பீக்கர் குத்தும் பச்சைத் துளையும் ஒரே சவுண்ட் கார்ட்டின் இரண்டு வாசல்கள். அப்போது புரொஃபைலை அனலொக் ஸ்ரீரியோ டியூப்ளெக்ஸ் என்று மாற்றும் வரைக்கும் ஸ்பீக்கரின் பெயர் இந்தக் கருவியின் பட்டியலில் வராது. கிராபிக்ஸ் கார்ட் தனியாக இருந்தால் எச்டிஎம்ஐ வேறு கார்ட்டாகத் தெரியும். அதை ஓஃப் என்று போட்டுவிடுங்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. இணையத்தில் தேடினால் பல்ஸ்ஓடியோவைக் கழற்றிப் பூட்டு, ரீஸ்ரார்ட் பண்ணு என்று பழைய ஆலோசனைகள் குவிந்து கிடக்கும். சத்தத்தை அந்தந்த வாசலுக்குப் பிரித்து அனுப்பும் வேலையை முன்பு செய்த மென்பொருள்தான் பல்ஸ்ஓடியோ. மின்ற் 22 வந்தது 2024இல். அதிலிருந்து அந்த வேலையைச் செய்வது பைப்வயர். அடியில், லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலோடு வரும் அல்சா என்ற பகுதிதான் கார்ட்டோடு பேசுகிறது, அதற்கு மேலே பைப்வயர் உட்கார்ந்து யாருடைய சத்தம் எங்கே போவது என்று பார்த்துக்கொள்கிறது. பல்ஸ்ஓடியோவுக்காக எழுதிய மென்பொருள்களோடும் அது பழைய பாசையிலேயே பேசும், அதனால்தான் பவுகன்ட்ரோல் இன்றைக்கும் வேலை செய்கிறது. பழைய கட்டுரையைப் பார்த்துப் பல்ஸ்ஓடியோவை மறுபடி நிறுவினால் இரண்டும் ஒரே கார்ட்டுக்கு அடிபடும். இன்னொன்று, இந்தச் சத்தச் சேவை உங்கள் பெயரில் ஓடுவது. அதை, நிர்வாகி அதிகாரம் தரும் சூடோ கட்டளை போட்டு ஆரம்பிக்க வேண்டாம். ஒருமுறை லொக் அவுட் செய்து உள்ளே வந்தால் போதும்.

இனி அந்த ஹெட்போன் துளை. விண்டோஸ் போட்டாலும் போகாது என்றேனே, அது இதுதான். துளைக்குள் ஒரு சின்ன உணர்வி இருக்கிறது. பிளக் உள்ளே வந்ததும் கார்ட்டுக்கு அறிவிக்கும். ஹெட்போன் குத்தினால் ஸ்பீக்கர் தானாக வாயை மூடுவது அப்படித்தான். நீங்கள் இருப்பதோ கடலுக்கும் வாவிக்கும் நடுவில். உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியே துருப்பிடிக்கும்போது துளைக்குள் இருக்கும் மெல்லிய தகடு மட்டும் தப்புமா? தகடு கறுத்துப்போனால் ஹெட்போனில் சத்தம் விட்டுவிட்டு வரும். தகடு மடங்கிச் சிக்கிக்கொண்டால் இன்னும் மோசம்: ஒன்றும் குத்தாதபோதும் ஹெட்போன் குத்தியிருக்கிறது என்றே கார்ட் நம்பும், பின்பக்க ஸ்பீக்கரை வாய் திறக்க விடாது. எச்டிஎம்ஐயிலிருந்து மாற்றிய பிறகும் ஸ்பீக்கர் ஊமையாக இருந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

சோதிக்க, கட்டளை தட்டும் டேர்மினலைத் திறந்து அல்சாமிக்சர் (alsamixer) என்பதை ஆங்கிலச் சிற்றெழுத்தில் இடைவெளி இல்லாமல் தட்டுங்கள். எஃப்6 அழுத்தி உங்கள் கார்ட்டைத் தெரிவு செய்யுங்கள். வரிசையாகத் தூண்கள் தெரியும். தூணின் அடியில் இரண்டு எம் எழுத்துகள் இருந்தால் அது மூடியிருக்கிறது. அந்தத் தூணில் நின்று எம் விசையைத் தட்டினால் இரண்டு ஓ ஆக மாறித் திறந்துகொள்ளும். வலப்பக்கமாகப் போய்க்கொண்டே இருங்கள், ஓட்டோ மியூட் மோட் என்று ஒன்று வரலாம். எல்லாக் கார்ட்டிலும் இருக்காது. இருந்தால் கீழ் அம்புக்குறியால் டிசேபிள்ட் ஆக்குங்கள். உடனே ஸ்பீக்கர் பாடினால் குற்றவாளி துளைதான். கணினியை முறையாக ஷட்டவுன் செய்யும்போது இந்த மாற்றம் தானாகச் சேமிக்கப்படும். இடையில் கரண்ட் போய் அணைந்தால் சேமிக்கப்படாது, மறுபடி செய்ய வேண்டி வரும்.

துளையைச் சுத்தம் செய்வது பெரிய வித்தை இல்லை. சுவர் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஹெட்போன் பிளக்கில் ஐசோபுரோப்பைல் அல்ககோலை இலேசாகத் தடவிப் பத்துப் பதினைந்து தரம் குத்திக் குத்தி எடுங்கள். நன்றாகக் காயவிட்டுப் பிறகு பவர் போடுங்கள். தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்த ஒருவரை எனக்குத் தெரியும். வேண்டாம். இதற்கும் சரிவராவிட்டால் யூஎஸ்பி சவுண்ட் கார்ட் ஒன்று வாங்கிக் கொழுவுங்கள். சிறிய சாமான், விலையும் பெரிதில்லை, அனேகமானவை டிரைவர் எதுவும் போடாமலே லினக்ஸில் ஓடும்.

கடைத் தம்பி நம்ப மறுத்தால் அவரிடம் உள்ள பென் டிரைவில் மின்ற்றைப் போட்டு, நிறுவாமல் அதிலிருந்தே கணினியை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அங்கே சத்தம் வந்தால் பழுது உங்கள் செற்றிங்கில். அங்கேயும் வரவில்லை என்றால் அவுட்புட்டையும் ஓட்டோ மியூட்டையும் அதிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, வயரையும் துளையையும் பாருங்கள். அரை மணித்தியால வேலை.

முதல் சொல் விழுங்கப்படுவது வேறு கதை. கொஞ்ச நேரம் சத்தம் இல்லாவிட்டால் கார்ட்டை உறங்க விடுவது லினக்ஸின் வழக்கம். பைப்வயரோடு வரும் வயர்ப்ளம்பர் என்ற துணை மென்பொருள் 5 செக்கனிலேயே அதை நிறுத்திவைத்துவிடும். மறுபடி எழும்ப ஒரு கணம் பிடிக்கிறது, அந்தக் கணத்தில் விருத்தம் தொடங்கிவிடுகிறது. ஸ்பீக்கரில் டப் என்று ஒரு சத்தமும் கேட்டால் இதுதான் என்று கிட்டத்தட்ட நிச்சயம். உறுதிப்படுத்த, ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததைத் தட்டிப் பாருங்கள். முதல் சொல் முழுதாக வரும். கார்ட்டின் பவர் சேவ் மதிப்பைச் சைபர் ஆக்குவது ஒரு வழி. டெஸ்க்டொப்பில் பற்றரி இல்லையே, அதனால் நட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் அது சிஸ்டம் கோப்பைத் திறந்து எழுதும் வேலை, தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

உங்கள் இடத்தில் நான் என்றால் கோப்பிலேயே கைவைப்பேன். ஒடாசிற்றி என்ற ஒலித் திருத்து மென்பொருளில் ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் 2 செக்கன் மௌனம் சேர்த்துவிடுவேன். பிறகு எந்தக் கணினியில், எந்த போனில் போட்டாலும் முதல் சொல் தப்பிவிடும். அப்படியே சத்த அளவையும் அங்கேயே உயர்த்திக்கொள்ளுங்கள். பழைய கசெற் மெதுவாகத்தான் கேட்கும், அதற்காக மின்ற்றின் வால்யூமை 150 வீதத்துக்கு ஏற்றினால் மத்தளம் தாங்கும், சல்லரித் தாளம் வெடிக்கும். இதையெல்லாம் பிரதி எடுத்த கோப்பில் செய்யுங்கள். கசெற்றிலிருந்து முதலில் எடுத்ததை இன்னொரு டிஸ்க்கில் தொடாமல் வையுங்கள்.