கிறிஸ்தவ வாழ்க்கையில் மன்னிப்பு ஏன் இவ்வளவு முக்கியம்?

மன்னிப்பு என்றால், நமக்குத் தீங்கு செய்தவரைப் பழிதீர்க்கும் உரிமையை விட்டுவிடுவது. கடவுள் நம்மை முதலில் மன்னித்தார், அதனால்தான் நம்மிடமும் அதைக் கேட்கிறார்.

மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் இயேசு ஒரு கதை சொல்கிறார். தாலந்து என்பது அன்றைய பெரிய பண அளவு. ராஜாவிடம் பட்ட பதினாயிரம் தாலந்து கடன் தள்ளுபடியான ஒருவன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டியவனின் தொண்டையைப் பிடிக்கிறான். ஒரு வெள்ளிப்பணம் அன்றைய ஒருநாள் கூலி. நூறு நாள் சம்பளம் எவ்வளவு பெரியது என்று கொழுந்து பறிக்கிற நம் அம்மாமாருக்குத் தெரியும். நமக்கு நடந்த தீங்கு சின்னது என்று இயேசு சொல்லவே இல்லை. எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். ஆனால் ஒரு தாலந்து மட்டுமே சுமார் 6,000 நாள் கூலி! கடவுள் நமக்கு மன்னித்த கடன் அவ்வளவு பெரியது.

தோட்டத்துக் கடை முதலாளி கடன் கொப்பியில் ஒரு பக்கத்தைக் குறுக்கே கோடு போட்டு அடித்தால், நட்டம் அவருக்குத்தான். சிலுவையில் கிறிஸ்து நம் கடனின் நட்டத்தை அப்படித் தானே ஏற்றார் என்று நம்புகிறோம். அப்புறம், லயத்தில் ஒரு சுவர் தள்ளி இருக்கிறவரோடு வருஷக்கணக்கில் பேசாமல் எப்படி ஜெபிப்பது?

மன்னித்தால் அடியையும் பொறுத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, குடித்துவிட்டு அடிக்கிற கணவனை மன்னித்த பெண்ணும் பொலிசில் முறைப்பாடு செய்யலாம்.