கேமராவும் காவலாளியும்: கேள்வி பதில்

கே: கேமரா பொருத்திய பிறகும் காவலாளி எதற்கு?

ப: கேமரா பார்க்கும், ஓடிப்போய்த் தடுக்காது. ஆனால் பார்த்துக்கொண்டே இருக்கும் வேலைக்கு மனிதர் ஏற்றவரல்லர். 1948இல் உளவியலாளர் நார்மன் மேக்வொர்த் வெளியிட்ட ஆய்வில், கடிகார முள்ளையே கவனித்தவர்களின் கூர்மை முதல் அரைமணி நேரத்திலேயே சரிந்தது. பதினாறு திரைகளுக்கு முன்னால் ஒருவரை இரவெல்லாம் உட்கார வைப்பது வீண். அதனால்தான் இன்று மென்பொருள் அசைவைக் கண்டு எச்சரிக்கிறது. பணியாளர் படத்தைச் சரிபார்த்து ஆளை அனுப்புகிறார். அனுப்ப ஆள் இல்லையென்றால், மிஞ்சுவது திருட்டின் தெளிவான வீடியோ மட்டுமே.

கே: 16 கேமரா, 30 நாள் பதிவு. எவ்வளவு இடம் வேண்டும்?

ப: ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் தரவு அனுப்பினால் நாளொன்றுக்கு 43 ஜிகாபைட். மொத்தம் ஏறக்குறைய 21 டெராபைட். எச்.265 சுருக்கமுறையில் இது வெகுவாகக் குறையும். கேமராவோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

கே: எந்த கேமரா நல்லது?

ப: விற்பனையாளரைக் கேளுங்கள். கடவுச்சொல்லை மாற்றுங்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல் (மால்வேர்), மாற்றப்படாத கடவுச்சொற்களைக் கொண்டே லட்சக்கணக்கான கருவிகளைக் கைப்பற்றியது. அவற்றில் கேமராக்களும் ஏராளம்.

கே: முகமறியும் கருவி 99.9 சதவீதம் துல்லியமாம். வாயில் காவலர்களை நீக்கலாமா?

ப: நாளுக்கு 10,000 பேர் வருகிறார்கள், ஆயிரத்தில் ஒருவரை அது தவறாகச் சந்தேகிக்கிறது என்று வையுங்கள். குற்றவாளி எவரும் வராத நாளிலும் பத்துப் பேர் தடுத்து நிறுத்தப்படுவார்கள். அவர்களிடம் பேசப்போவது யார்?

கே: (அவரே) பத்துப் பேர்தானே! காவலாளி தவறே செய்யமாட்டாரா?

ப: செய்வார். அவரிடம் காரணம் கேட்கலாம். அந்தப் பத்துப் பேரும் எல்லாத் தரப்பிலிருந்தும் சமமாக வருவதில்லை என்பதும் உண்டு. 2019இல் அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனம் சோதித்த முகமறியும் நிரல்கள் பலவற்றில், ஆப்பிரிக்க, ஆசிய முகங்களுக்குத் தவறான பொருத்தங்கள் (ஒருவரை வேறொருவராகக் கொள்வது) அதிகம்.

கே: (மீண்டும் அவரே) நீங்கள் தொழில்நுட்பத்துக்கே எதிரி.

ப: இல்லை ஐயா. ரோந்து வழியெங்கும் மின்னணுச் சில்லு பதித்து, காவலாளி கைக்கருவியால் தொட்டால் நேரம் பதிவாகும் முறையை மனதார வரவேற்கிறேன். விடியற்காலையில் உட்கார்ந்த இடத்திலேயே இரவு முழுவதற்கும் கையெழுத்துப் போடும் வித்தை அதோடு ஒழிந்தது. காவலாளி மயங்கி விழுந்தால், எந்த இடத்தோடு பதிவு நின்றது என்பதும் தெரியும்.

கே: ரோபோ காவலர்?

ப: 2017இல் வாஷிங்டனில் ஒன்று நீரூற்றுத் தொட்டிக்குள் விழுந்தது. படிக்கட்டு இருக்கும் கட்டடத்துக்கு இப்போதைக்கு வேண்டாம்.

கே: எந்த கேமரா வாங்கலாம்?

ப: மேலே பாருங்கள்.

கே: நுழைவு அட்டை நம்பகமானதா?

ப: பழைய 125 கிலோஹெர்ட்ஸ் அட்டை என்றால் இல்லை. அவற்றில் பெரும்பாலானவை தம் எண்ணை மறையாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி குறியீடாக்குதல்) இல்லாமலே ரேடியோ அலையில் அனுப்புகின்றன. மலிவான கருவியால் நகலெடுக்கலாம். மறையாக்கம் உள்ள புதிய வகைக்கு மாறுங்கள். வேலையை விட்டுச் சென்றவரின் அட்டையை அன்றே முடக்குங்கள்.

கே: பணியாளர் உடை மாற்றும் அறையில் கேமரா வைக்கலாமா?

ப: கூடாது.