அன்னாசிக் கொண்டையை நட்டால் உண்மையிலேயே பழம் கிடைக்குமா? அடுக்குமாடி வீட்டில் முடியுமா?

கிடைக்கும். பினாங்கு ஜெலுத்தோங்கில் நான்காவது மாடியில் இருக்கிறோம். மேற்கு பார்த்த பால்கனியில், தொட்டியில் வைத்தே இதுவரை மூன்று பழம் பறித்துவிட்டோம். ஆனால் முதல் பழத்துக்கு இரண்டு வருடமும் இரண்டு மாதமும் காத்திருந்தோம். அந்தப் பொறுமை இருந்தால் மேலே படியுங்கள்.

நான் முதலில் நட்ட இரண்டு கொண்டைகளும் அழுகிப் போயின. கத்தியால் வெட்டி, அடியில் சதை ஒட்டியிருந்தபடியே மண்ணில் புதைத்து, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். பத்து நாளில் நடுக்குருத்தைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. புளித்த வாடை. தோட்டத்தில் வளர்ந்த அம்மாதான் காரணத்தைச் சொன்னார்: “இத போய் கீரை மாதிரி வளர்த்தா எப்படிப்பா? வேலியோரம் நட்டுட்டு நாங்க திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம்.”

அம்மா சொன்னது சரிதான். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை வாங்கும், அப்போது நீரையும் இழக்கும். அன்னாசி இரவில்தான் திறக்கும். அதனால் அதன் தண்ணீர்ச் செலவு மிகக் குறைவு. நாம் அன்பாக ஊற்றுவதே அதற்கு ஆபத்து.

மூன்றாவது முறை இப்படிச் செய்தேன். பாசாரில் பழம் வாங்கும்போதே கொண்டையைப் பார்த்து எடுத்தேன். நடுக்குருத்து பச்சையாக, விறைப்பாக இருக்க வேண்டும். வீட்டில் ஒரு கையால் பழத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கொண்டையைத் திருகினால் தனியாகக் கழன்று வரும், சதை அதிகம் ஒட்டாது. ஒட்டியதைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். பிறகு அடி இலைகளை ஒவ்வொன்றாக உரிக்க வேண்டும். ஒரு அங்குலம் உரித்ததும் தண்டில் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்ன முடிச்சுகள் தெரியும். அவைதான் வேராகப் போகிறவை. அப்படியே நிழலில் மூன்று நாள் காயவிடுங்கள். காயவிடும் இந்த மூன்று நாளைத் தவிர்த்துவிடாதீர்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன். வெட்டுப்பட்ட இடம் காய்ந்தால்தான் அழுகல் உள்ளே போகாது.

மண்ணைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். ஜொகூரில் பொந்தியான் பக்கம் புளிப்பான கரிமண்ணிலேயே ஏக்கர் கணக்கில் விளைகிறது. கடையில் விற்கும் கருப்பு மண்ணோடு கரடுமுரடான மணலை மூன்றில் ஒரு பங்கு கலந்தேன். தொட்டி 12 அங்குலம், அடியில் நிறைய ஓட்டை. வாரம் ஒரு தடவை தண்ணீர், மாதம் ஒரு தடவை நீர்த்த உரம். வெயில் மட்டும் கட்டாயம் வேண்டும், அரை நாளாவது நேரடியாக விழ வேண்டும். இலை அடுக்குகளில் வெள்ளையாக மாவுப்பூச்சி வந்தால் எறும்பும் கூடவே வரும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும்.

இன்னொன்று, இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அன்னாசியின் இலைக் கக்கத்தில் தண்ணீர் தேங்கும். ஏடிஸ் கொசுவுக்கு அந்தக் கொஞ்சம் தண்ணீர் போதும், முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள்தான் ஆகும். எங்கள் மாடியிலேயே இரண்டு பிள்ளைகளுக்கு டெங்கி வந்திருக்கிறது. அதனால் நான் மண்ணில் மட்டும்தான் ஊற்றுவேன். சாரல் அடித்த மறுநாள் தொட்டியைச் சாய்த்து இலைத் தண்ணீரைக் கொட்டிவிடுவேன். மழை நேராக விழும் இடத்தில் வைப்பதாக இருந்தால் இதைச் செய்யாமல் வளர்க்காதீர்கள்.

செடி நன்றாகப் பரந்தும் பூக்கவில்லை என்றால், பழுத்த ஆப்பிள் ஒன்றைச் செடியோடு சேர்த்து பிளாஸ்டிக் பையால் மூடி, நிழலில் நான்கைந்து நாள் வையுங்கள். ஆப்பிள் விடும் எத்திலீன் வாயு பூக்கத் தூண்டும். அசோர்ஸ் தீவுகளில் இதற்காகக் கண்ணாடிக் குடிலுக்குள் புகை போடுவார்கள், அதிலும் வேலை செய்வது இந்த வாயுதான். குட்டிச் செடியில் செய்தால் பழமும் குட்டியாகத்தான் வரும். எனக்கு ஒன்றரை வருடத்தில் இதைச் செய்ய வேண்டியிருந்தது. இரண்டு மாதத்தில் நடுவே சிவப்பாக ஒரு மொட்டு தலைகாட்டியது. அப்புறம் அடியிலிருந்து மேலாக, ஊதா நிறப் பூக்கள் நாளுக்குச் சிலவாக மலர்ந்தன. நாம் பழத்தில் ‘கண்’ என்று சொல்லும் ஒவ்வொன்றும் ஒரு பூ. நூற்றுக்கும் மேற்பட்ட பூக்கள் ஒட்டிச் சேர்ந்துதான் ஒரு பழம். அம்மா தினமும் காலையில் காப்பியோடு வந்து அன்று எத்தனை பூத்தது என்று எண்ணுவார்.

பூத்த பிறகு ஆறு மாதம் விட்டுவிடுங்கள். பறித்த அன்னாசி நிறம் மாறும், மென்மையாகும், ஆனால் மேலும் இனிக்காது. இனிப்பு முழுக்கச் செடியிலிருந்து வர வேண்டும். கடைப் பழத்தைப் பயணத்துக்காகக் கொஞ்சம் முன்னாலேயே அறுப்பார்கள். உங்கள் தொட்டியில் அந்த அவசரம் இல்லை. எங்களுடையது ஜோசபைன், மலேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான மார்டி 1996-இல் வெளியிட்ட ரகம். கருஞ்சிவப்புத் தோல் முக்கால்வாசி ஆரஞ்சு நிறமாகி, வீடு முழுக்க மணந்த பிறகுதான் அறுத்தேன். ஒரு கிலோகூட இல்லை. அந்த இனிப்பைக் கடைப் பழம் எதிலும் நான் கண்டதில்லை. குழந்தைகள் இருந்தால் மோரிஸ் ரகக் கொண்டையைத் தவிர்த்துவிடுங்கள், இலை ஓரம் முழுக்க முள்.

ஒரு செடி ஒரு பழம்தான் தரும், ஆனால் அடியில் பக்கக் கன்று விடும். அதைப் பிரித்து நட்டால் கொண்டையைவிடச் சீக்கிரம் காய்க்கும். என் இரண்டாவது, மூன்றாவது பழங்கள் அப்படி வந்தவை. எதிர்வீட்டுச் சீன அம்மா இரண்டு வருடமாக ஒன்று கேட்கிறார். அவர் பேசும் ஹொக்கியன் என்ற சீன மொழியில் அன்னாசிக்கு ‘ஓங் லாய்’ என்று பெயர், நல்ல காலம் வருகிறது என்றும் பொருள்படும். சீனப் பெருநாளுக்கு வாசலில் பழத்தோடு தொட்டியை வைக்க ஆசை அவருக்கு. கன்று தயாராக இருக்கிறது. அவர் பால்கனி கிழக்கு பார்த்தது, அந்தக் காலை வெயில் போதுமா என்றுதான் இந்த வாரம் இருவரும் நேரம் குறித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.