கெவ்லார், டைனீமா போன்ற இழைகள் உண்மையிலேயே அவ்வளவு வலுவானவையா? கையுறை, கயிறு, தூண்டில் நூல் என்று வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

இந்த இழைகளின் விளம்பரத்தில் “எஃகைவிட ஐந்து மடங்கு வலு” என்று போட்டிருப்பது பொய்யில்லை. ஆனால் அது எடைக்கு எடை பார்த்த கணக்கு. ஒரு கன சென்டிமீட்டர் எஃகு சுமார் 7.8 கிராம், கெவ்லார் 1.44 கிராம்தான். அந்த ஐந்து மடங்கில் பெரும்பங்கு இந்த எடை வித்தியாசத்திலிருந்தே வந்துவிடுகிறது. ஒரே பருமனில் எடுத்து இழுத்தால் நல்ல பியானோ கம்பி கெவ்லாருக்கு அப்படியொன்றும் சளைத்ததல்ல. ஆகவே எவ்வளவு வலு என்று கேட்பதைவிட, இந்த நூலுக்கு எது ஆகாது என்று கேட்டு வாங்குவதே பிரயோசனம்.

கடையில் “கெவ்லார்” என்று பொதுவாகச் சொல்லிக் கொடுப்பது இரண்டு வெவ்வேறு சாதிப் பொருள்களில் எதுவாகவும் இருக்கலாம். ஒன்று அராமிட்: கெவ்லார், ட்வாரான். இன்னொன்று மிக நீண்ட சங்கிலிகள் கொண்ட பாலிஎத்திலீன்: டைனீமா, ஸ்பெக்ட்ரா. இரண்டாவது, கேரி பேக் செய்யும் அதே பிளாஸ்டிக்கின் நெருங்கிய உறவு. மூலக்கூறுகள் பன்மடங்கு நீளம், எல்லாம் ஒரே திசையில் நீட்டப்பட்டவை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எது எது என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தீக்குச்சியைக் காட்டுங்கள். பாலிஎத்திலீன் சுருங்கி உருகி மெழுகுபோல் சொட்டும். அராமிட் உருகாது, கருகும், நெருப்பை எடுத்ததும் அணைந்துவிடும். தண்ணீரில் போட்டாலும் தெரியும்: பாலிஎத்திலீனின் அடர்த்தி 0.97, மிதக்கும். அராமிட் நன்றாக நனைந்ததும் மூழ்கும்.

அராமிடுக்கு ஆகாதவை வெயில், பிளீச்சிங், மடிப்பு. வெயிலில் கிடந்தால் மஞ்சள் நிறம் பழுப்பாக மாறும். அந்த நிற மாற்றமே வலு குறைந்ததற்கு அறிகுறி. தடித்த கயிறென்றால் மேல் இழைகள் உள்ளே இருப்பவற்றை ஓரளவு மறைத்துக் காக்கும், மெல்லிய நூலுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பாலிஎத்திலீன் வெயிலை நன்றாகவே தாங்கும். ஆனால் 150 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும், அதற்கு வெகு முன்பே வலுவும் இறங்கும். சூடான தோசைக்கல்லை அந்தக் கையுறையால் தொடாதீர்கள். அராமிட் கையுறையும் பின்னல்தான் என்பதால் நீராவியும் எண்ணெயும் உள்ளே புகும்; நனைந்திருந்தால் சூடு நேராகக் கைக்கு வரும்.

வெட்டுத் தடுப்புக் கையுறையில் நம்பக்கூடிய ஒரே விஷயம் அதன் முதுகில் அச்சடித்திருக்கும் குறியீடு. இ.என். 388 (ஐரோப்பியத் தர எண்) என்று போட்டு, கீழே “4 எக்ஸ் 4 3 டி” மாதிரி இருக்கும். வரிசையாக: உராய்வு, பழைய முறை வெட்டுச் சோதனை, கிழிசல், குத்து, கடைசி எழுத்து புதிய முறை வெட்டுச் சோதனை. எக்ஸ் என்றால் சோதிக்கவில்லை என்று பொருள். பழைய சோதனையில் வட்டக் கத்தி சுழலும். நூலில் கண்ணாடி இழையோ எஃகு இழையோ கலந்திருந்தால் கத்தியே மழுங்கி, மதிப்பெண் ஏறிவிடும். அதனால்தான் 2016இல் ஏ முதல் எஃப் வரை எழுத்து வந்தது. டி என்றால் 15 நியூட்டன், அதாவது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ அழுத்தம்வரை தாங்கும். வீட்டுச் சமையலுக்கு சி போதும்; கண்ணாடி, தகடு தூக்குபவர்கள் ஈ, எஃப் பாருங்கள்.

இந்த வெட்டுச் சோதனை எல்லாம் சறுக்கிக்கொண்டு போகும் கூருக்குத்தான். ஊசி, மீன் முள், கத்தி முனை பின்னலின் கண்களுக்கு நடுவே நுழைந்துவிடும். அரிவாள்மணையில் மீன் நறுக்கும்போது இரண்டு கைக்கும் போட்டு, மேலே மெல்லிய நைட்ரைல் கையுறை மாட்டினால் ஊறாது, நாறாது. இதைவிட முக்கியம்: கிரைண்டர், டிரில், கடைசல் எந்திரம் போன்று சுழலும் எதன் அருகிலும் இவற்றை அணியக் கூடாது. சாதாரணப் பருத்தி நூல் அறுந்து தொலையும். இது அறாது, விரலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

துவைக்க வெதுவெதுப்பான தண்ணீர், சாதா சோப்பு, நிழலில் உலர்த்தல். போதும்.

கயிறும் தூண்டில் நூலும் பெரும்பாலும் முடிச்சில்தான் போகும். இரண்டு இழையிலுமே முடிச்சு விழுந்த இடத்தில் பாதி வலுவுக்கு மேல் போய்விடலாம். கயிறென்றால் முடிச்சுப் போடாமல் நுனியைத் திருப்பி உள்ளேயே செருகிப் பின்னுவது சரி. மீன் பிடிக்கும் பிரெய்டு நூல் பாலிஎத்திலீன், வழுக்கும். ரீலில் நேராகச் சுற்றினால் மொத்தச் சுற்றும் உருளும். அடியில் சில சுற்று நைலான் போட்டுவிட்டுக் கட்டுங்கள். கொக்கிக்கு நூலை இரட்டித்துப் போடும் பாலோமர் முடிச்சு நிற்கும். இறுக்குமுன் எச்சில் தொட்டு நனைக்க வேண்டும், உரசும் சூட்டிலேயே நூல் நலிந்துவிடும். கொக்கி பாறையில் சிக்கினால் நூலைக் கையில் சுற்றி இழுக்காதீர்கள், சதை அறும்.

அராமிட் பலர் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது: இணைய ஃபைபர் பேட்ச் கார்டுக்குள் (இணைப்பு ஒயர்) பஞ்சுபோல் இருக்கும் மஞ்சள் நூல் அதுதான். இழுவையைத் தாங்குவது அது, கண்ணாடி இழை அல்ல. கனெக்டர் போடும்போது அந்த நூலைப் பின்னுக்கு மடித்து கனெக்டர் உடலோடு சேர்த்து நசுக்கிப் பிடிக்க வேண்டும். இடைஞ்சலாக இருக்கிறதென்று ஒட்ட நறுக்கிவிட்டால், யாராவது ஒயரில் கால் தடுக்கும் அன்றைக்குக் கண்ணாடி ஒடியும். சாதா கத்திரியில் அந்த நூல் மடிந்து நழுவும், இல்லையென்றால் நீளவாக்கில் பிரிந்து பஞ்சாகும். மூலக்கூறுகள் நீளவாக்கில் அடுக்கியிருப்பதால் குறுக்கே பிடிமானம் குறைவு. விளிம்பில் நுண்பற்கள் உள்ள அராமிட் கத்திரி தனியாகக் கிடைக்கும். நூலை விறைப்பாகப் பிடித்து ஒரே வெட்டாக வெட்டுங்கள். அதே கத்திரியால் கண்ணாடி இழையையோ கம்பியையோ வெட்டினால் பல் போய், மறுபடி நூல் நழுவத் தொடங்கும்.