கிராம்பஸ் இரவுக்குக் குழந்தையை அழைத்துச் செல்லலாமா?

அன்புள்ள தங்கைக்கு,

ஆஸ்திரியாவின் ஹல்லைனுக்குக் குடிவந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை என்றும், ஐந்து வயது மகன் போகும் கிண்டர்கார்ட்டன் வாசலில், டிசம்பர் 5ஆம் தேதி மாலை கொம்பு முகமூடி வேடக்காரர்கள் தெருவில் வரும் கிராம்பஸ் ஓட்டத்துக்கான சுவரொட்டியைப் பார்த்ததாகவும், கீழ்வீட்டுக்காரர் ‘குழந்தையோடு அவசியம் வாருங்கள்’ என்று இரண்டு முறை சொல்லிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். யூடியூபில் தேடிப் பார்த்ததும் அடிவயிறு கலங்கிவிட்டது என்கிறீர்கள். நாகர்கோவிலில் இருக்கும் மாமியார், ஜெபக்கூட்டத்துக்குத் தவறாமல் போகிறவர், ‘சாத்தானைக் கும்பிடுகிற ஊருக்கா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனீர்கள்’ என்று போனில் கேட்கிறாராம். போனால் பிள்ளை பயப்படுவான், போகாவிட்டால் ஒட்டாமல் ஒதுங்கி நிற்கிறவர்கள் என்று அக்கம்பக்கத்தார் நினைப்பார்களோ என்பதுதான் உங்கள் கேள்வி.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டு மாலை ஓட்டத்துக்கு மகனை அழைத்துச் செல்லாதீர்கள். அதற்கு முன்பாக, பகல் வெளிச்சத்தில், யாரும் அணிந்திராத ஒரு முகமூடியை அவன் கையில் கொடுத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு அவனே போகலாம் என்பான், அல்லது வேண்டாம் என்பான், இரண்டும் சரிதான்.

மாமியாருக்குச் சொல்ல வேண்டியது இதுதான். டிசம்பர் 6 புனித நிக்கோலஸ் திருநாள். நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள மீரா நகரத்தின் ஆயராக இருந்தவர் அவர். அதற்கு முந்தைய இரவு, உயரமான கூர்த்தொப்பியும் செங்கோலுமாக ஆயர் வேடத்தில் ஒருவர் வீடுகளுக்கு வருவார்; அவரோடு வரும் கொம்பன்தான் கிராம்பஸ். நிக்கோலஸ் தங்க நிறப் புத்தகத்தைத் திறந்து, பிள்ளை செய்த நல்லதையும் கெட்டதையும் வாசித்து, நிலக்கடலையும் மாண்டரின் ஆரஞ்சும் சாக்லேட்டும் போட்ட பை ஒன்றைக் கொடுப்பார். கிராம்பஸ் வாசற்படியில் சங்கிலியைக் குலுக்கிக்கொண்டு, விளாரை ஆட்டிக்கொண்டு நிற்பான். சொன்ன பேச்சுக் கேட்காத பிள்ளைகளை முதுகுக் கூடையில் போட்டுத் தூக்கிப் போய்விடுவான் என்பது கதை. ஆனால் நிக்கோலஸ் கையை உயர்த்தினால் அவன் அடங்கியாக வேண்டும். அந்தச் சங்கிலியே, கட்டிப்போடப்பட்ட பிசாசு என்பதற்கான அடையாளம் என்று இங்குள்ளவர்கள் சொல்வார்கள். ஆகவே இங்கே யாரும் அவனைக் கும்பிடுவதில்லை. ஆயருக்குக் கட்டுப்பட்ட வேலைக்காரனாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஏதோ ஒரு தெய்வத்தின் பிள்ளை இவன் என்றெல்லாம் இணையத்தில் படித்திருப்பீர்கள். சுற்றுலாக்காரர்களுக்குப் பிடித்த அந்தக் கதைக்கு உறுதியான ஆதாரம் கிடையாது. நகத்தைக் குறிக்கும் பழைய ஜெர்மன் சொல்லிலிருந்து பெயர் வந்தது என்பார்கள். ஆல்ப்ஸ் மலையைச் சுற்றிலும் ஸ்லோவேனியா, ஹங்கேரி, குரோவேஷியா வரைக்கும் இவனுக்கு உறவினர்கள் உண்டு. கிழக்குத் திரோலில், மாத்ராய் பக்கம், இவனுக்குக் கிளௌபௌஃப் என்று பெயர். அங்கே வேடிக்கை பார்க்க நிற்பவர்களையும் கட்டிப்பிடித்து உருட்டிவிடுவார்கள். அந்த ஊர் முரட்டுத்தனத்தைப் பார்த்துவிட்டுத்தான் பலர் மொத்த வழக்கத்தையும் எடைபோடுகிறார்கள். உங்களுக்கு வந்த வீடியோவும் அப்படிப்பட்டதாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

இந்த நாட்டுக்காரர்களுக்குள்ளேயே இவனைப் பற்றி ஒருமித்த கருத்து இருந்ததில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உலகிலேயே முதன்முதலாக, 1869இல், அஞ்சலட்டையை வெளியிட்ட நாடு இது. அடுத்த சில பத்தாண்டுகளில், சிவந்த நாக்கை நீட்டியபடி நிற்கும் கொம்பன் படத்தோடு ‘கிராம்பஸின் வாழ்த்து’ என்று அச்சிட்ட அட்டைகள் வீட்டுக்கு வீடு போயின. 1930களின் ஆட்சியாளர்கள் இவனைத் தடுக்கப் பார்த்தார்கள். 1950களில், குழந்தைகளின் மனத்துக்கு இவன் ஆகாது என்று துண்டறிக்கைகள் அச்சடிக்கப்பட்டன. இன்றும் பல தேவாலயப் பங்குகளில் கொம்பன் இல்லாமல் நிக்கோலஸை மட்டும்தான் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். எனவே ‘எங்கள் பிள்ளைக்கு இது வேண்டாம்’ என்று நீங்கள் சொன்னால் வெளிநாட்டுக்காரி பேச்சாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதையே சொல்லும் தாய்மார்கள் உங்கள் மகன் வகுப்பிலேயே இரண்டு மூன்று பேர் இருப்பார்கள்.

இனி என் கதை. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், உங்களைப் போலவே வந்த புதிதில், ஊரோடு ஒத்துப்போக வேண்டும் என்ற ஆர்வத்தில், நான்கு வயது மகளை அவள் அப்பா தோளில் ஏற்றிக்கொண்டு தடுப்புக் கம்பியின் முதல் வரிசையில் போய் நின்றோம். முதலில் எதுவும் தெரியவில்லை, சத்தம்தான் வந்தது. இடுப்பில் கட்டிய மாட்டுமணிகள் முப்பது நாற்பது ஒரே நேரத்தில் அடித்தால், அது காதில் கேட்பதைவிட நெஞ்சில்தான் அதிகம் கேட்கிறது. பிறகு புகை, புகைக்குள்ளிருந்து ஆளுயரத்துக்கு மேல் கொம்புகள். அவர்களில் ஒருவர் எங்கள் முன் நின்று, கம்பிக்கு மேலாகக் கையை நீட்டி, மகளின் குல்லாயைப் பிடுங்கிப் பின்னால் எறிந்துவிட்டு, அவள் கன்னத்தில் கரியைப் பூசிவிட்டுப் போனார். இங்கே அது விளையாட்டு. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் மகள் அழவில்லை. அவள் வாயே திறக்காமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்து இரவு இரண்டு மணிக்குத்தான் அழத் தொடங்கினாள், ஜனவரி முடியும்வரை விளக்கை அணைக்க விடவில்லை.

அதோடு நின்றிருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன். பயந்த பிள்ளையிடம் நான் செய்த தப்புதான் பெரிது. சாப்பிட மறுத்தால் ‘கிராம்பஸ் வருவான்’, பல் துலக்க மறுத்தால் ‘கூப்பிடட்டுமா’ என்று, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அவனை வேலைக்கு வைத்துக்கொண்டேன். ஊரில் பூச்சாண்டியையும் அஞ்சு கண்ணனையும் கூப்பிட்டே நம்மை வளர்த்தார்கள், நமக்கு என்ன ஆகிவிட்டது என்று என் மனத்துக்குள் சமாதானம். ஆனால் பூச்சாண்டியை நாம் ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை. இவள் கண்டிருந்தாள், அவன் கை அவள் கன்னத்தில் பட்டிருந்தது. சொல்லில் மட்டும் வருகிறவனும், மணியடித்துக்கொண்டு நேரில் வருகிறவனும் ஒன்றல்ல என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மாற்றியது எங்கள் பின்தெருவில் இருந்த விவசாயி வீட்டுப் பையன். கிராம்பஸ் வேடம் கட்டுகிறவர்களின் குழுவை இங்கே ‘பாஸ்’ என்பார்கள். அவன் அப்படி ஒரு பாஸில் இருந்தான். மகளுக்கு ஆறு வயதானபோது, நவம்பர் மாத சனிக்கிழமை ஒன்றில், எங்களைத் தன் வீட்டுத் தொழுவத்துக்கு அழைத்துப்போனான். பெஞ்சின் மேல் முகமூடி மல்லாந்து கிடந்தது. மலைப் பைன் வகையான சிர்பே மரத்தில் செதுக்கியது. நிஜ ஆட்டுக் கொம்புகளைத் திருகாணி போட்டு முடுக்கியிருந்தார்கள். வெளிப்பக்கம் பற்களும் சுருக்கங்களுமாகக் கோரமாக இருந்ததே தவிர, உட்பக்கம் வெறும் மஞ்சள் ஸ்பாஞ்சும், கட்டட வேலைக்காரர்கள் தலையில் போடும் தொப்பியின் பட்டையும்தான். மகள் மூக்குத் துவாரத்தில் விரலை விட்டு மறுபக்கம் எட்டிப் பார்த்தாள். ‘ஆட்டு நாற்றம் அடிக்கிறது’ என்றாள். பையன் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு, ‘இப்போது எனக்கு உன் தலை தெரிகிறது, உன் கால் தெரியவில்லை. நீ என் காலடிக்கு வந்தால் உன்னை மிதித்துவிடுவேன். அதனால்தான் நான் நடக்கும்போது நீ தள்ளி நிற்க வேண்டும்’ என்றான். பயமுறுத்துகிறவனுக்கே முன்னால் இருப்பது சரியாகத் தெரியாது என்பதைக் கேட்டதும் அவள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேண்டுதல் வைத்துக் காளி வேடம் கட்டியவர்கள், நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வாசலுக்குக் காணிக்கை கேட்டு வருவார்கள். நீட்டிய நாக்குக்குள் இருப்பது பெட்டிக்கடைக்காரர்தான் என்று தெரிந்தும் நாங்கள் கதவுக்குப் பின்னால்தான் நின்றோம். ஆனாலும் காசு போட நான், நீ என்று அடித்துக்கொள்வோம். தெரிந்தவருக்குப் பயப்படுவதில் ஒரு சுகம் இருக்கிறது. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தச் சுகம் இயல்பாகக் கிடைக்கிறது, ஏனென்றால் கொம்புக்குள் இருப்பவர் அவர்களுடைய மாமா அல்லது அண்ணன். நேற்று வந்த பிள்ளைக்கு அந்தக் கூட்டத்தில் ஒருவரையும் தெரியாது.

ஆகவே கீழ்வீட்டுக்காரரிடம், ‘ஓட்டத்துக்கு இந்த முறை வரவில்லை, ஆனால் உங்களுக்குத் தெரிந்த பாஸில் யாராவது முகமூடியைக் காட்டுவார்களா’ என்று கேளுங்கள். மறுப்பதை விடுங்கள், மகிழ்ந்துபோவார்கள். ஒரு முகமூடிக்காக அவர்கள் செலவழிக்கும் பணத்தையும் நேரத்தையும் பற்றிப் பேச ஆள் கிடைக்காமல் தவிக்கிறவர்கள் அவர்கள். ஒதுங்கி நிற்கிறவர்கள் என்ற பேச்சுக்கும் அதோடு இடமில்லை.

ஆயர் வேடக்காரர் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு செய்தால், புத்தகத்தில் என்ன எழுத வேண்டும் என்று உங்களிடம் முன்கூட்டியே சீட்டுக் கேட்பார்கள். அதில் நல்லதை நான்கு வரி எழுதுங்கள். கெட்டது ஒன்று எழுதினாலும், மகனே சிரித்து ஒப்புக்கொள்ளக்கூடியதாக இருக்கட்டும். படுக்கையை நனைக்கிறான், ஜெர்மன் பேச வாய் திறக்கவில்லை என்றெல்லாம் அந்நியர் வாயால் வாசிக்க வைக்காதீர்கள். சூரிச்சில் இருக்கும் என் சித்தி மகள் வீட்டில், அந்த ஊர் நிக்கோலஸான சமிக்லாஸும், கரி பூசிய முகத்தோடு பழுப்பு அங்கி போட்ட அவர் துணையாள் ஷ்முட்ஸ்லியும் வருகிறார்கள். அங்கே பிள்ளை ஒரு பாட்டு வரியைச் சொன்னால் போதும், பை கைக்கு வந்துவிடும். எனக்கு அந்த முறைதான் பிடித்திருக்கிறது.

நீங்கள் கணவன் மனைவியாக மட்டும் போய்ப் பார்ப்பதாக இருந்தால், பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு நான்காவது, ஐந்தாவது வரிசையில் நில்லுங்கள். குதிரைவால் சாட்டையும் விளாரும் கெண்டைக்காலைத்தான் தேடும். கொம்பைப் பிடித்து இழுக்காதீர்கள். அது உள்ளே இருப்பவரின் கழுத்தை முறிக்கும். ஓட்டம் முடிந்து குடி தொடங்கும் நேரத்துக்கு முன் வீட்டுக்குக் கிளம்பிவிடுங்கள். இன்னொன்று, கிறிஸ்துமஸ் கழிந்து ஜனவரி 6 வரைக்கும் கொம்பும் முகமூடியுமாக மறுபடியும் கூட்டம் வந்தால் திகைக்க வேண்டாம். அவர்கள் பெர்ஷ்டன், நிக்கோலஸோடு தொடர்பில்லாத, குளிர்காலத்தை விரட்டும் வேறு வழக்கம். இரண்டையும் ஒன்று என்று சொன்னால் இங்குள்ள பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

என் மகளுக்கு இப்போது இருபத்து மூன்று வயது. ஓட்டத்துக்கு நண்பர்களோடு போகிறாள், படம் எடுத்து அனுப்புகிறாள். ஆனால் கோடையில் மலை மேய்ச்சலில் நடக்கும்போது, வளைவுக்குப் பின்னாலிருந்து திடீரென்று மாட்டுமணி கேட்டால், இன்றும் ஒரு கணம் நின்றுவிடுவாள்.

டிசம்பர் 5 காலை மகனைப் பேக்கரிக்கு அழைத்துச் செல்லுங்கள். ஈஸ்ட் மாவில் கொம்பு வைத்து, உலர்திராட்சையைக் கண்ணாகப் பதித்துச் சுட்ட கிராம்பஸ் ரொட்டி கிடைக்கும். சந்தையில் உலர்ந்த பிளம் பழங்களைக் கம்பியில் கோத்துச் செய்த குட்டிக் கிராம்பஸும் உண்டு. சீக்கிரம் போங்கள், எங்கள் தெருக் கடையில் பத்து மணிக்குமேல் தட்டு காலியாகிவிடும்.