காயலான் கடைக்காரர் வேண்டாம் என்று சொல்லும் பிளாஸ்டிக்: கேள்வி பதில்

வீட்டில் சேரும் பிளாஸ்டிக்கில் எது உண்மையிலேயே திரும்ப உருகிப் பொருளாகிறது, எது எப்படிப் பிரித்துக் கொடுத்தாலும் ஆகாது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். வந்த வரிசையிலேயே பதில் தருகிறேன்.

சார், டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் எண் இருந்தால் அது மறுசுழற்சி ஆகும் என்றுதானே அர்த்தம்? (தாம்பரம்)

இல்லைங்க. எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது. 1 பெட், 2 ஹெச்.டி.பி.இ., 3 பி.வி.சி., 4 எல்.டி.பி.இ., 5 பி.பி., 6 பாலிஸ்டைரீன். 7 என்றால் மற்றவை. பல வகை கலந்தவையும் இதில்தான் அடங்கும். வீட்டிலிருந்து போவதில் 1, 2, 5 எண் உள்ள கெட்டியான பொருட்களுக்கும், பால் கவர் போன்ற சுத்தமான எல்.டி. (எல்.டி.பி.இ.) கவர்களுக்கும்தான் நம் ஊர்க் கடைகளில் நல்ல கிராக்கி.

எண் ஒன்றாக இருந்தாலும் எல்லாம் ஒரே சரக்கு ஆகிவிடாது. ஷாம்பு பாட்டிலும் பெயின்ட் வாளியும் ஹெச்.டி.யாகவே (ஹெச்.டி.பி.இ.) இருக்கலாம். பாட்டில் காற்றால் ஊதிச் செய்வது, அதற்கு உருகிய பிளாஸ்டிக் கெட்டியாகத் தொங்க வேண்டும். வாளி அச்சில் அழுத்திச் செய்வது, அதற்கு இளகி ஓட வேண்டும். இரண்டையும் சேர்த்து அரைத்தால் இரண்டுக்குமே சரிவராது. கடைக்காரர் ஊதினது, அச்சு என்று தனித்தனியாகக் குவிப்பது அதனால்தான்.

சிப்ஸ் பாக்கெட்டையும் ஷாம்பு சாஷேயையும் கழுவிக் காயவைத்து ஒரு வருஷமாகச் சேர்க்கிறேன். கடையில் வாங்கவே மாட்டேன் என்கிறார்கள். ஏன்? (திருச்சி)

உங்கள் உழைப்பு வீணாவதைப் பார்க்க வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைக்காரர் மேல் தவறில்லை. அந்தப் பாக்கெட் ஒரே வகைப் பிளாஸ்டிக்கால் ஆனது அல்ல. அச்சிட்ட மேல்படலம் (சாஷேயில் பெரும்பாலும் பாலியெஸ்டர்), நடுவில் அலுமினியப் பூச்சு, உள்ளே வெப்பத்தில் ஒட்டும் பாலிஎத்திலீன் என்று பசையிட்டு ஒட்டிய அடுக்கு அது. பாலிஎத்திலீன் 110, 130 டிகிரியில் உருகும். பாலியெஸ்டர் உருக 250 டிகிரி வேண்டும். ஒன்று உருகும்போது மற்றது கட்டியாகவே நிற்கும். இன்னும் சூடேற்றினால் முதலாவது கருகும். உருகினாலும் இரண்டும் எண்ணெயும் தண்ணீரும் போலத்தான், கலக்காது. வரும் பொருள் அடுக்கடுக்காகப் பிளக்கும்.

அடுத்தது எடை. ஒரு சாஷே ஒரு கிராம்கூட வராது. ஒரு கிலோ சேர ஆயிரத்துக்கும் மேல் பொறுக்க வேண்டும். அந்தக் கூலியை யாராலும் கொடுக்க முடியாது. சேர்த்ததைக் காய்ந்த நிலையில் தனிப் பையில் கட்டி மக்காத குப்பையில் கொடுங்கள். சிமென்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாகப் போவதுதான் அதற்கு இருக்கும் உருப்படியான வழி. அதை மறுசுழற்சி என்று சொல்ல மாட்டேன், எரிப்புதான். ஆனால் சூளைக்குள் வெப்பம் 1,400 டிகிரியைத் தாண்டும். தெருமுனையில் கொளுத்துவதைவிட அது பல மடங்கு மேல்.

பால் கவரை எப்படிக் கொடுப்பது? (மதுரை)

வீட்டுக் கவர்களில் மிக நல்ல சரக்கு இதுதான். அரை லிட்டர் கவர் இரண்டரை கிராம் அளவு இருக்கும். சுமார் 400 கவருக்கு ஒரு கிலோ. மூலையை முழுதாக வெட்டி எடுக்காதீர்கள். அந்தச் சின்ன முக்கோணத் துண்டு யார் கையிலும் சிக்காமல் சாக்கடைக்குத்தான் போகும். முக்கால்வாசி நறுக்கித் தொங்கலாக விடுங்கள். ஊற்றியதும் அரை டம்ளர் தண்ணீர் விட்டுக் குலுக்கி, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள். கவரை முழுதாகப் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி கொடியில் கிளிப் போட்டுக் காயவிடுங்கள். ஈரத்தோடு மடித்தால் இரண்டே நாளில் புளித்த நாற்றம் வரும், கட்டு முழுக்கப் பூஞ்சை பிடிக்கும்.

அண்ணா, பார்சல் சாம்பார் கவர்? (கோவை)

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த பொருள் அது. வந்து சேர்ந்துவிட்டால், நடைமுறையில் மறுசுழற்சி ஆகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயும் மஞ்சளும் பிளாஸ்டிக்குக்குள் ஊறிவிடும். ஆலையில் உருக்கும்போது மிச்ச எண்ணெயும் ஈரமும் ஆவியாகிக் குமிழி விடும். அதை ஊதிப் புதுக் கவருக்கான ஃபிலிம் செய்தால் ஓட்டை விழும். பிரியாணி வரும் கெட்டி டப்பா வேறு கதை. அது பெரும்பாலும் பி.பி. சோப்புத் தண்ணீரில் கழுவினால் எடுப்பார்கள். தூக்குவாளி கொண்டுபோனால் இரண்டுமே வீட்டுக்கு வராது.

தண்ணீர் பாட்டிலின் மூடியைக் கழற்ற வேண்டுமா, லேபிளையும் உரிக்க வேண்டுமா? (சேலம்)

மூடியைப் பற்றிக் கவலை வேண்டாம். பாட்டிலை நசுக்கிக் காற்றை வெளியேற்றி, மூடியைத் திருகி மூடியே கொடுங்கள். ஆலையில் அரைத்துத் தண்ணீர்த் தொட்டியில் போடுவார்கள். மூடி ஹெச்.டி. அல்லது பி.பி., தண்ணீரைவிட லேசு, மிதக்கும். பெட் மூழ்கும். தானாகப் பிரிந்துவிடும்.

லேபிளில்தான் ஆபத்து. பாட்டிலை இறுக்கமாகச் சுற்றிய சுருங்கு உறை சிலவற்றில் பி.வி.சி. அதுவும் பெட் போலவே மூழ்கும், தொட்டியில் பிரியாது. பெட் உருகும் சூட்டில் பி.வி.சி. சிதைந்து அமிலம் கக்கும். பெட் மஞ்சளாகி வலு இழக்கும். பத்தாயிரத்தில் ஒரு பங்கு கலந்தாலே போதும், கெட்டுவிடும். அதனால் உறையைக் கத்தரியால் நெடுக்காகக் கிழித்து எடுத்துவிடுங்கள்.

'மக்கும் பை' என்று அச்சிட்ட கவரைப் பால் கவரோடு சேர்க்கலாமா? (புதுச்சேரி)

கூடவே கூடாது. பார்வைக்கும் தொடுவதற்கும் எல்.டி. மாதிரியே இருக்கும், உருக்கினால் மொத்தச் சரக்கையும் பலவீனமாக்கும். வீட்டு உரத் தொட்டியிலும் எளிதில் மக்காது. தொழிற்கூட உரக் குவியலில் 60 டிகிரியை ஒட்டிய சூடு வாரக்கணக்கில் நிலைக்கும், மாடித் தொட்டியில் அது கிடைக்காது.

வெந்நீர் அடுப்பு பற்றவைக்க ஒரே ஒரு கவர் போடுகிறோம். அதிலென்ன? (தஞ்சாவூர்)

தயவுசெய்து நிறுத்துங்கள். திறந்த அடுப்பில் சூடும் போதாது, காற்றும் போதாது; பாதி எரிந்த புகை முதலில் போவது அடுப்பருகே குனிந்திருப்பவரின் மூக்குக்குள்தான். பி.வி.சி. துண்டு ஏதாவது கலந்திருந்தால் டையாக்ஸின் என்னும் கொடிய நச்சு உண்டாகும். அந்தச் சாம்பலால் பாத்திரம் தேய்க்கவோ, கீரைப் பாத்திக்குப் போடவோ கூடாது. ஃப்ளெக்ஸ் பேனரும் பி.வி.சி. பூசியதுதான், அதை ஒருபோதும் கொளுத்தாதீர்கள். தேங்காய் நார், தென்னம்பாளை இருக்கவே இருக்கின்றன.

எல்லாவற்றையும் ரோடு போடக் கொடுத்துவிடலாமே? (திண்டுக்கல்)

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் உருவாக்கிய முறை அது. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சுமார் 170 டிகிரிக்குச் சூடேற்றிய ஜல்லியில் பிளாஸ்டிக் துருவலைத் தூவினால் உருகிப் படலமாக ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் தார் கலப்பார்கள். நல்ல முறை. ஆனால் தாரின் எடையில் 6 முதல் 8 சதவீதம்தான் ஏற்கும். பி.வி.சி. அறவே ஆகாது. ஈரமும் மண்ணும் ஒட்டிய கவரும் உதவாது. அங்கேயும் பிரித்துக் காயவைத்த சரக்குதான் வேண்டும்.

ஒரே பிளாஸ்டிக்கை எத்தனை முறை உருக்கலாம்? (ஈரோடு)

இத்தனை முறை என்று கணக்குச் சொல்ல முடியாது. ஒவ்வொரு முறை சூடேறும்போதும் பி.பி.யின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்து குட்டையாகும். வெயில் பட்டாலும் அப்படியே; மாடியில் கிடந்த வாளி கையால் அழுத்தினாலே நொறுங்குவது இதனால்தான். நொறுங்கிய வாளியைக் கடைக்காரர் எடுத்தாலும் குறைந்த விலைக்கே எடுப்பார். புதுப் பிளாஸ்டிக் சேர்த்துத்தான் அதைத் தேற்ற முடியும். குடம் குடமாகவே திரும்பி வருவது அபூர்வம். பூந்தொட்டி, கறுப்புக் குழாய் என்று ஒருபடி கீழே இறங்கும். வாளியை நிழலில் வையுங்கள், பல வருஷம் கூடுதலாக உழைக்கும்.

தெர்மாகோல், டூத் பிரஷ், மாத்திரை அட்டை? (நாகர்கோவில்)

தெர்மாகோலில் 95 சதவீதத்துக்கு மேல் காற்றுதான். வண்டி வாடகைக்கே கட்டாது. டிவி வாங்கும்போது கொண்டுவந்து இறக்குபவரிடமே திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். பிரஷில் கைப்பிடி ஒரு வகை, நார் நைலான். மாத்திரை அட்டை பி.வி.சி.யும் அலுமினியமும் ஒட்டியது. இரண்டுமே மக்காத குப்பைதான். அட்டையில் மாத்திரை மிச்சமிருந்தால் அப்படியே போடாதீர்கள், தனியாகக் கட்டி, இன்னதென்று சொல்லித் தூய்மைப் பணியாளர் கையில் கொடுங்கள்.